கைராசி எங்கே இருக்கிறது?

நம் ஊர்களில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றிக் கதை வந்தால், அவர் எங்கே படித்தவர், என்ன பட்டம் பெற்றவர் என்று முதலில் எவரும் கேட்பதில்லை. "அவர்ட கை நல்ல கை" என்பார்கள். "கைராசிக்காரர், அவரிட்ட வெட்டினா காயம் கெதியா ஆறும்" என்பார்கள். பித்தப்பைக் கல்லுக்கோ ஹேர்னியாவுக்கோ நாள் குறிக்கப்பட்ட வீட்டில் உம்மாமாரும் சாச்சிமாரும் கூடியிருந்து செய்கிற ஆராய்ச்சியெல்லாம் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். ராசி என்ற பாதியை விட்டுவிடுவோம். அது அல்லாஹ்வின் நாட்டத்தோடு போகிற காரியம். மற்றப் பாதியான கை, ஆராயக்கூடியது. ஒரு கை நல்ல கையாவது எப்படி? அது ஒரு நோயாளியின் வயிற்றைத் தொடுவதற்கு முன்னமே அது நல்ல கைதானா என்று அறிய வழியுண்டா? இந்தக் கேள்வியைச் சில ஆய்வாளர்கள் கையிலிருந்து தூக்கி மூளைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பயிற்சி பெறும் வைத்தியரின் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, அவர் தைக்கும்போதும் முடிச்சுப் போடும்போதும் மூளையில் நடப்பதைப் பதிவுசெய்கிறார்கள்.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, அதையே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். காரணம் இரண்டு. என்னிடம் தமிழ் படித்த பிள்ளைகள் சிலர் இன்று வைத்தியர்கள். அவர்களில் ஒருத்திக்குச் சத்திரசிகிச்சைத் துறைக்குப் போக ஆசை. இந்த விடயத்தில் என்னை இழுத்துவிட்டது அவள்தான். இரண்டாவது, மதிப்பிடுவது என் தொழிலில் பாதி. விடைத்தாளைப் பார்த்துப் புள்ளி போடுகிறேன்; அந்தப் புள்ளி உண்மையில் எதை அளக்கிறது என்ற சந்தேகம் ஒரு நாளும் என்னை விட்டதில்லை. அதே சந்தேகம் சத்திரசிகிச்சைக்கூடத்திலும் இருக்கிறது. அங்கே அதன் விலை ஓர் உயிர்.

கத்தி பிடிக்கப் பழக்குவது பழைய பிரச்சினைதான். சுஸ்ருத சம்ஹிதை, பூசணி, வெள்ளரி போன்ற காய்களில் வெட்டிப் பழகவும் துணியிலும் மெல்லிய தோலிலும் தைத்துப் பழகவும் சொல்கிறது. குர்துபாவுக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, கி.பி. 1000ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த 'அத்தஸ்ரீப்' என்னும் முப்பது பாகக் கலைக்களஞ்சியத்தின் கடைசிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். உபகரணங்களைப் படம் போட்டுக் காட்டியதற்காக அவரை மேடைகளில் புகழ்கிறோம். புகழ்ச்சியோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பாகத்தின் முன்னுரையில் அவர் சொல்லும் முறைப்பாட்டை எடுத்துப் பேசுவார் குறைவு. தம் காலத்தில் இக்கலையில் கைதேர்ந்தவர் இல்லாமற் போனதற்கு, உடற்கூற்றைக் கற்காமலே கத்தியைத் தொடுவதுதான் காரணம் என்கிறார். அறிவற்ற ஒரு வைத்தியர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை வெட்டப்போய் நாடிகளையும் அறுத்துவிட, அவள் இரத்தம் போய் இறந்ததைத் தாமே கண்டதாக எழுதுகிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய அந்தப் பெண்ணின் மரணத்தை வாசித்தபோது, பயிற்சி என்ற சொல் எனக்கு வேறு பாரத்தோடு கேட்டது.

நவீன காலத்துப் பயிற்சி முறையை வகுத்தவராகச் சொல்லப்படுபவர், அமெரிக்காவில் 1889இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் வில்லியம் ஹால்ஸ்டெட். மூத்தவரின் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்று, பொறுப்பைப் படிப்படியாக ஏற்கும் முறை. "ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைப் படிப்பி" என்ற வாசகம் அவர் பெயரோடு சேர்ந்து வழங்குகிறது. கொத்தனார் வேலையும் தச்சு வேலையும் நம்மூரில் இப்படித்தான் கைமாறி வந்தன. குறை என்னவென்றால், பழகுகிறவரின் முதல் தவறுகள் உயிருள்ள ஆளின் உடம்பில் விழும்.

ஜேர்மனியில் எரிச் மியூஹே 1985இல் சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை அகற்றினார். அதன் பிறகு வந்த காலத்தில் இந்தத் துளை வழிச் சத்திரசிகிச்சை உலகெங்கும் பரவ, பழைய கைப்பழக்கம் போதாமற் போனது. நீண்ட உபகரணம் வயிற்றுத் துளையைத் தாங்கு புள்ளியாகக் கொண்டு நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது. கையை வலப்பக்கம் அசைத்தால் நுனி இடப்பக்கம் போகும். பார்வை திரையில். ஆழம் தெரியாது. தொடுகையும் பாதி மரத்துப்போகும். ஆகவே பெட்டியில் பழகுகிறார்கள். மேலே துளைகளும் உள்ளே கமெராவும் உள்ள பெட்டி. கார்ட்போட் பெட்டியும் கைத்தொலைபேசியும் வைத்து வீட்டிலேயே செய்துகொள்பவர்களும் உண்டு. சிறு வளையங்களை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுதல், வலைத்துணியில் வரைந்த வட்டத்தைக் கோடு பிசகாமல் வெட்டுதல், தடம் போட்டு இறுக்குதல், இரண்டு விதமாக முடிச்சிடுதல் என ஐந்து வேலைகள் கொண்ட பரீட்சை ஒன்று அமெரிக்காவில் ஏற்பட்டு, அங்கே சத்திரசிகிச்சை நிபுணராக அங்கீகாரம் பெறுவதற்கு அது கட்டாயமுமாகிவிட்டது. நேரத்துக்கு ஒரு புள்ளி, பிழைக்கு ஒரு கழிவு. கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான இன்னொரு முறையில், அனுபவசாலிகள் பக்கத்தில் நின்று பார்த்து, திசுவை மரியாதையாகக் கையாளுகிறாரா, அசைவு சிக்கனமாக இருக்கிறதா என்ற வகையில் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி இடுவார்கள்.

இப்படிப் புள்ளி போடுவது வீண் வேலையல்ல என்பதற்கு, 2013இல் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற மருத்துவச் சஞ்சிகை வெளியிட்ட ஓர் ஆய்வு போதும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்யும் 20 நிபுணர்கள் தங்கள் ஒபரேஷன் வீடியோவில் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அது யாருடையது என்று தெரியாத சக நிபுணர்கள் கைத்திறனுக்குப் புள்ளி இட்டார்கள். ஆகக் குறைந்த புள்ளி பெற்ற கால்வாசிப் பேரிடம் சிகிச்சை பெற்றோரில் 14.5 வீதமானோருக்குச் சிக்கல் ஏற்பட்டிருந்தது; ஆகக் கூடிய புள்ளி பெற்ற கால்வாசிப் பேரிடம் 5.2 வீதம். இறப்பு முன்னையதில் 0.26 வீதம், பின்னையதில் 0.05 வீதம். இவர்கள் அனைவரும் தகைமை பெற்ற நிபுணர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உம்மாமாரின் ஆராய்ச்சி முழுக்கப் பிழை இல்லை.

அப்படியென்றால் கையைப் பார்த்தே அளக்கலாமே, மூளை எதற்கு?

மருதமுனையில் கைத்தறியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூத்த நெசவாளியைப் பார்த்திருப்பீர்கள். கை நாடாவை எறியும், கால் மிதிக்கும், வாய் தெருவில் போகிறவரோடு கதைக்கும், இழை அறுந்தால் அந்தக் கணமே தறி நிற்கும். பக்கத்தில் புதிதாகப் பழகும் பையனும் அதே அகலத் துணியைத்தான் நெய்கிறான். குறைபாடில்லாமல் ஒரு முழம் நெய்தும் விடுகிறான். ஆனால் அவனோடு கதை கொடுத்துப் பாருங்கள். ஒன்றில் பதில் வராது, அல்லது இழை அறும். இரண்டு பேரின் துணிக்கும் சந்தையில் ஒரே விலை. இரண்டு பேரும் ஒரே நெசவாளி அல்ல.

சத்திரசிகிச்சைக்கூடத்தில் இந்த வேறுபாடு உயிரோடு விளையாடும். வைத்தியர் தைத்துக்கொண்டிருக்கும்போது மயக்க மருந்து கொடுப்பவர் "பிரஷர் இறங்குது" என்பார். தாதி எதையோ கேட்பார். எதிர்பாராத இடத்தில் இரத்தம் கசியும். தையலுக்கே முழுப் புத்தியையும் செலவழித்தவரிடம் இதைக் கேட்க மிச்சம் ஒன்றும் இராது. அமெரிக்காவில் டிமிட்ரியோஸ் ஸ்டெஃபனிடிஸும் அவரது சகாக்களும் செய்த பரிசோதனை இதை அழகாகக் காட்டியது. பயிற்சியாளர்கள் தையல் பழகி, நேரத்திலும் பிழையிலும் நிபுணர்களின் புள்ளியை எட்டிவிட்டார்கள். ஆனால் தைத்துக்கொண்டே இன்னொரு காட்சிப் பணியையும் கவனிக்கச் சொன்னபோது, நிபுணர்கள் இரண்டையும் சமாளிக்க, இவர்கள் பின்தங்கினார்கள். புள்ளி ஒன்று, மிச்சமிருக்கும் கவனம் வேறு.

அந்த மிச்சத்தை அளக்கும் இன்னொரு வழி, ஆளையே கேட்பது. நாசா நிறுவனத்தில் உருவான ஒரு வினாப்பட்டியல் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது: எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது, எவ்வளவு அவசரம், எவ்வளவு எரிச்சல் என்று ஆறு கேள்விகள். வேலை முடிந்த பிறகு நிரப்புவார்கள். பரீட்சை முடிந்து வரும் பிள்ளையிடம் "எப்படிக் கஷ்டமா?" என்று கேட்டு, "லேசு டீச்சர்" என்ற பதிலை வைத்துப் பெறுபேற்றைக் கணித்த ஆசிரியர் யாரும் இருந்தால் அவருக்கு இந்த முறையின் பலவீனத்தைச் சொல்லத் தேவையில்லை. மூத்தவருக்கு முன்னால் எந்த இளம் வைத்தியர்தான் எனக்குத் திணறியது என்று எழுதுவார்?

ஆகவேதான் மூளையிடமே கேட்கலாம் என்று புறப்பட்டார்கள்.

மூளையின் மின்னைத் தலையின் மேலிருந்தே பதியலாம் என்று மனிதரில் முதலில் காட்டியவர் ஜேர்மனியின் யேனா நகரத்து ஹான்ஸ் பேர்கர். 1924இல் பதிந்தார், 1929இல் வெளியிட்டார். வாலிபத்தில் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பிய அன்று, தூரத்திலிருந்த சகோதரி மனம் பதறி வீட்டாரைத் தந்தி அடிக்கச் சொன்னாளாம். மனத்திலிருந்து மனத்துக்கு ஏதோ சக்தி பாய்கிறது என்று நம்பி, அதைத் தேடப் போனவருக்கு இது கிடைத்தது. அவர் தேடியது இல்லை, கிடைத்தது உண்மை. நரம்புக்கலங்கள் ஆயிரக்கணக்கில் ஒருசேரத் துடிக்கும்போது எழும் மின்னழுத்தம் மண்டையோட்டைக் கடந்து தோலுக்கு வரும்போது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்கே மிஞ்சுகிறது. மின்வாய்கள் பதித்த தொப்பி அதைப் பிடித்துப் பெருக்கி வரைகிறது. கண்ணை மூடி ஓய்ந்திருந்தால் தலையின் பின்பக்கத்தில் செக்கனுக்கு 8 முதல் 13 துடிப்புகள் கொண்ட அல்பா அலை எழும். கண்ணைத் திறந்தால் அடங்கும். மூளைக்கு வேலை கூடும்போது நெற்றிப் பக்கத்தில் செக்கனுக்கு 4 முதல் 8 வரையான தீட்டா அலை வலுக்கும். எந்த மீடிறன், எந்த இடத்தில், எப்போது கூடிக் குறைகிறது என்பதைத்தான் ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடப்பதையும் இது தவறவிடாது. ஆனால் ஒரு கண் சிமிட்டல், ஒரு பல் கடிப்பு போதும், மூளையின் மெல்லிய குரலை மூடிவிடும். சத்திரசிகிச்சையில் கண்ணும் கழுத்தும் தோளும் சும்மா இருக்குமா? பதிவில் பாதி வேலை அந்தக் குப்பையைப் பிரிப்பதுதான்.

இன்னொரு முறை ஒளியை நம்பியது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்த்த சிறு கிளிப்பை மறந்திருக்க மாட்டீர்கள். சிவப்பு ஒளியையும் செந்நிறக்கீழ் ஒளியையும் விரலுக்குள் விட்டு, ஈமோகுளோபின் எவ்வளவை உறிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் அது எண்ணைக் காட்டியது. அந்த வகை ஒளி நெற்றித் தோலையும் எலும்பையும் ஊடுருவி மூளையின் மேற்பட்டைக்கும் போய்த் திரும்பும் என்று 1977இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் காட்டினார். நெற்றியில் ஒரு விளக்கு, மூன்று சென்ரிமீற்றர் தள்ளி ஓர் உணரி. ஒளி வாழைப்பழம் மாதிரி வளைந்து உள்ளே போய் வருகிறது. ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஒட்சிசன் நிறைந்த இரத்தம் கூடும். உணரியில் படும் ஒளி மாறும். மின் பதிவு போல் வேகமில்லை. இரத்தம் வந்து சேரச் சில செக்கன்கள் பிந்தும். ஆழத்துக்கும் போகாது. ஆனால் ஆள் நின்று, குனிந்து, கையை ஆட்டி வேலை செய்ய விடும். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுத்துக்கொண்டு தையல் போட முடியாதே. அந்தக் காந்தத்துக்குள் உருக்குக் கத்தரிக்கோலைக் கொண்டுபோகவும் முடியாது.

இனி, என்ன கண்டார்கள்?

இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேனியல் லெஃப், அரா டார்ஸி ஆகியோரின் குழு, புதியவர்களையும் பயிற்சியாளர்களையும் நிபுணர்களையும் சத்திரசிகிச்சை முடிச்சுப் போடவிட்டு, ஒளி முறையில் நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியைப் பதிந்தது. திட்டமிடுவதும் கவனத்தை ஒருமுகப்படுத்துவதும் அந்தப் பகுதியின் வேலை. புதியவர்களில் அது பரபரப்பாக இயங்கியது. நிபுணர்களில் அதே முடிச்சுக்கு அது பெரும்பாலும் சும்மா இருந்தது. பழகப் பழகப் புதியவரிலும் அடங்கிவந்தது. அமெரிக்காவில் ரென்ஸ்செலர் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த அருண் நெமானி, சேவியர் இன்டெஸ், சுவ்ரானு டே ஆகியோர் 2018இல் சயன்ஸ் அட்வான்ஸஸ் சஞ்சிகையில் இன்னும் விரிந்த படத்தைத் தந்தார்கள். வட்டம் வெட்டும் பயிற்சியின்போது நிபுணர்களின் நெற்றிப் பகுதி அமைதியாகவும், கையை இயக்கும் இயக்கப் பகுதி கூடுதலாகவும் வேலை செய்தது, புதியவரில் மறுதலை. அதாவது வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. யோசிக்கும் இடத்திலிருந்து செய்யும் இடத்துக்கு. இந்தப் பதிவை வைத்து யார் நிபுணர், யார் புதியவர் என்று பிரித்தபோது, வழமையான நேரம்–பிழைப் புள்ளியை வைத்துப் பிரித்ததைவிடத் தவறு குறைந்திருந்தது. பஃபலோ நகரத்தின் ரொஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் ரோபோ வழிச் சத்திரசிகிச்சையில் பெயர்பெற்ற குர்ஷித் குருவும் குழுவினரும் 2015இல் மின் பதிவைக் கொண்டு ஆரம்ப நிலையினர், தேறியவர், நிபுணர் என்ற மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார்கள்.

எல்லாவற்றிலும் என்னைப் பிடித்து நிறுத்தியது ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ரிச் மாஸ்டர்ஸ் முதலியோர் செய்த வேலை. 2011இல் வெளிவந்தது. தலையின் இடப்பக்கம், காதுக்கு மேலே, மொழியோடு சம்பந்தப்பட்ட பகுதி இருக்கிறது. உச்சியில் முன்னோக்கி, அசைவைத் திட்டமிடும் பகுதி. இந்த இரண்டு இடத்து அலைகளும் ஒரே தாளத்தில் எழுந்து விழுந்தால், ஆள் தன் அசைவைத் தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிச் செய்கிறார் என்று பொருள் கொள்கிறார்கள். "இப்ப இடக்கையால பிடி, இனிச் சுற்று, இனி இழு" என்ற உள்ளோசை. துளை வழிச் சத்திரசிகிச்சைப் பயிற்சியில், விதிகளை மனத்தில் அடுக்கிப் பழகியவர்களில் இந்த இணைத்தாளம் கூடுதலாகவும், விதிகள் மனத்தில் சேராதபடி அமைத்த பயிற்சியில் பழகியவர்களில் குறைவாகவும் காணப்பட்டது.

மொழி ஆசிரியருக்கு இது புதினமா? புணர்ச்சி விதியை நான் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறேன். வலி மிகும் இடம், மிகா இடம் எல்லாம் பிள்ளை மனனம் செய்கிறது. பரீட்சைத் தாளில் விதியைக் கேட்டால் முழுப் புள்ளி. அதே பிள்ளை கட்டுரை எழுதும்போது ஒவ்வொரு சொல்லிலும் விதியை நினைத்தால் பேனை நகராது. நினைக்காமல் விட்டால் ஒற்று விழும். நல்லாக எழுதுகிற பிள்ளை எப்போதோ விதியை மறந்துவிட்டிருக்கும், ஒற்று தானாக வரும். ஏன் இங்கே வலி மிகுந்தது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லும். குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீத் சட்டம் படிக்கிற பிள்ளைக்கும் சரளமாக ஓதுகிற ஹாபிழுக்கும் இடையிலான தூரமும் இதுதான். விதி தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிழை நேர்ந்த இடத்தில் திருத்துவதற்கு விதி வேண்டும். சத்திரசிகிச்சையில் எதிர்பாராதது நடக்கும்போது நிபுணரும் நின்று, சொல்லி, யோசிக்கத்தான் வேண்டும். எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பதுதான் பாரம்.

சரி, தொப்பியை மாட்டுவோம், நெற்றி அமைதியானவருக்குச் சான்றிதழ் கொடுப்போம் என்று அவசரப்பட முடியாது. அதே இம்பீரியல் கல்லூரியில் ஹேமல் மோடியும் லெஃப்பும் செய்த இன்னொரு ஆய்வு காலைப் பிடித்து இழுக்கிறது. பயிற்சி நிலை வைத்தியர்களைத் தையல் போடவிட்டார்கள். முதலில் அவரவர் வேகத்தில், பிறகு நேரக்கெடு வைத்து. கெடு வைத்ததும் இளையவர்களின் தையல் கெட்டது. அந்த நேரத்தில் அவர்களின் நெற்றிப் பகுதி சூடாகவில்லை, தணிந்தது. நெருக்கடியிலும் தரத்தைக் காப்பாற்றியவர்களிலோ அந்தப் பகுதி விடாமல் ஈடுபட்டிருந்தது.

இதை இரண்டு தடவை வாசித்தேன். நெற்றி அமைதியாக இருந்தால் நிபுணர் என்று முன்னே கண்டோம். கைவிட்டவரின் நெற்றியும் அமைதியாகத்தான் இருக்கிறது! பரீட்சை மண்டபத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளைப் போல. ஒன்று எழுதி முடித்துவிட்டது. மற்றது இனி எழுதி என்ன என்று விட்டுவிட்டது. மண்டபத்தின் கோடியில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு இரண்டும் ஒன்று. தாளைப் புரட்டினால்தான் தெரியும். மூளைப் பதிவும் தனியே நின்று சாட்சி சொல்லாது. தையல் எப்படி வந்தது, வேலை எவ்வளவு கடினம், ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்பவற்றோடு சேர்த்துத்தான் அதை வாசிக்கலாம்.

வேறு தடைகளும் உண்டு. இந்த ஆய்வுகளில் பல, சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. பெரும்பாலும் பெட்டியிலும் கணினித் திரையிலும் நடந்தவை. வலைத்துணியில் வட்டம் வெட்டியவரின் மூளை, உண்மையான வயிற்றில் இரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் வெட்டும்போதும் அப்படியே நடந்துகொள்ளுமா என்பது தனிக் கேள்வி. ஒளி முறைக்கு அடர்ந்த கறுத்த முடி பெரிய இடைஞ்சல், ஒளியை விழுங்கிவிடும். கருமையான தோலிலும் சைகை குறையும். நம்மைப் போன்ற மக்களை வைத்துப் போதியளவு சோதிக்காமல் எங்கோ வகுத்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் கருவி நம் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடக்கூடும். ஹிஜாப் அணியும் எங்கள் வைத்திய மாணவிகள் இதை எப்படி மாட்டுவது என்று என்னிடம் ஒரு சகோதரி கேட்டார். முழுத் தொப்பிக்கு முடியைப் பிரித்து மின்வாய் தோலில் படவேண்டும். பெண் உதவியாளரும் மறைவான அறையும் ஏற்பாடு செய்தால் தீரும் காரியம், மாட்டிய பிறகு மேலே தளர்வாக மூடிக்கொள்ளலாம். நெற்றியை மட்டும் பதியும் பட்டிக்கு அந்தச் சிக்கலும் குறைவு, ஸ்காஃபின் ஓரத்துக்குக் கீழே கட்டிவிடலாம்.

அளப்பதோடு நிற்காமல் மூளையைத் தூண்டவும் பார்க்கிறார்கள். ஒன்று, இரண்டு மில்லிஅம்பியர் அளவான மெல்லிய மின்னோட்டத்தை இயக்கப் பகுதியின் மேல் தோல் வழியே செலுத்திக்கொண்டு பழக்கினால் சீக்கிரம் பழகுவார்களா என்று கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்துச் சோதித்து, முன்னேற்றம் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் அவ்வளவு மனம் செல்லவில்லை. பழக்கத்துக்கு வேண்டிய மணித்தியாலங்களைச் சுருக்கும் ஆசையில் பிறக்கும் வழிகளை ஆசிரியர் கண்ணால் சந்தேகத்தோடுதான் பார்க்க முடிகிறது. ஆய்வு வளரட்டும், அவசரம் வேண்டாம்.

பதிவை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. கற்பிப்பதற்கு அது நல்ல கருவி. இரண்டு பயிற்சியாளர்கள் ஒரே புள்ளி எடுத்திருக்கிறார்கள். ஒருவரின் நெற்றி இன்னும் கொதிக்கிறது. அவருக்கு இன்னும் ஒரு மாதம் பெட்டியில் வேலை இருக்கிறது, நோயாளியிடம் இப்போது அனுப்பாதே என்று அது மூத்தவருக்குச் சொல்லும். நேரக்கெடு வைத்ததும் ஒருவர் தணிந்துபோகிறார் என்றால், அவருக்குக் கைப்பழக்கத்தைவிட நெருக்கடியில் நிற்கும் பழக்கம் தேவை என்று சொல்லும். இது அவருக்கும் நல்லது, அவருடைய கத்தியின் கீழ் படுக்கப்போகிறவருக்கும் நல்லது.

அதையே தேர்வுக்கும் நீக்கத்துக்கும் அளவுகோலாக்கினால் வேறு கதை. விடைத்தாளில் பிள்ளை எழுதியதற்குப் புள்ளி போட எனக்கு உரிமை உண்டு; எழுதும்போது அது என்ன பாடுபட்டது என்பதற்காகப் புள்ளி குறைக்க உரிமை இல்லை. நன்றாகத் தைத்தவரை "உன் மூளை அதிகம் உழைத்தது" என்று தோற்கடிப்பது அப்படியான காரியம். சிலர் வாழ்நாள் முழுக்கக் கவனத்தோடு உழைத்தே நன்றாகச் செய்பவர்கள். தவிர, அந்தப் பதிவு ஓர் ஆளின் தலைக்குள்ளிருந்து எடுத்தது. வலிப்பு போன்ற நோயின் அடையாளமும் மின் பதிவில் தற்செயலாக வெளிப்படலாம். ஆகவே தொப்பியை மாட்டுவதற்கு முன்னமே சில விடயங்கள் எழுத்தில் இருக்கவேண்டும்: பதிவு யாருக்குச் சொந்தம், பரீட்சகர் அதைப் பார்க்கலாமா, எத்தனை வருடம் வைத்திருப்பது, நோயின் சாயல் தெரிந்தால் யாரிடம் சொல்வது, மாட்ட விரும்பாத பயிற்சியாளருக்கு என்ன வழி.